பிளாவைக் கீழே வைக்க முடியாமை: யாழ்ப்பாணத்துக் கூழ்க் கூட்டம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வு எழுந்த காரணம்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சாள் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் நின்று ஓர் அறிவித்தல் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரரையெல்லாம் கூப்பிட்டு ஒரு 'கிரியேட்டிவ் பிரஞ்ச்' வைக்கப்போகிறாளாம். வருகிறவர்கள் கூடியிருந்து கையால் ஏதாவது செய்வார்கள். பிறகு, கையால் ஆக்கிய சாப்பாட்டைக் கூடியிருந்து சாப்பிடுவார்கள். இதற்கென்று பசை உருக்கும் துப்பாக்கி ஒன்றும், பலநிறக் கடதாசிக் கட்டும், ஒரு பை நிறைய மணிகளும் விமானம் ஏறி வந்திருந்தன.

"பிள்ளை, அது காலமைச் சாப்பாடோ, மத்தியானச் சாப்பாடோ?" என்று மாமி கேட்டார்.

"ரெண்டுக்கும் நடுவிலை அம்மா. பதினொரு மணி போலை."

"வாற ஆக்களே வேலையும் செய்யவேணுமோ?"

"ஓம். அதுதான் அதின்ரை விசேஷம்."

மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த ஆச்சி உலக்கையை நிறுத்தினார். "கூழெண்டு சொன்னால் விளங்கும்தானே. உதுக்கேன் இவ்வளவு இங்கிலீசு?"

முந்நூறு பக்கத்தில் நிறுவ வேண்டியதை ஆச்சி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி பாக்கை இடிக்கத் தொடங்கினார். ஆதாரம் காட்டாமல் ஒன்றைச் சொல்வது ஆய்வுலகில் பெருங்குற்றம். ஆச்சிக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே அவர் காட்டாமல் விட்ட ஆதாரங்களைத் திரட்டித் தருவது இக்கட்டுரையின் பணி ஆகிறது.

கருதுகோள்கள் இரண்டு. ஒன்று, மச்சாள் பையில் கொண்டுவந்த விருந்து நூற்றாண்டுகளாக எங்கள் வளவிலேயே நடந்துவருகிறது. அதன் பெயர் கூழ். இரண்டு, நாலு பேர் கூடியிருப்பதைக் கூட்டம் ஆக்குவது சாப்பாட்டின் ருசியும் மேசையின் அலங்காரமும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அதைச் செய்வது கீழே வைக்க முடியாத ஒரு பாத்திரம்.

2. முன்னோர் ஆய்வுகள்

பிரஞ்ச் என்ற சொல்லுக்குப் பிறந்த ஆண்டு தெரியும். 1895இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் 'ஹன்டர்ஸ் வீக்லி' என்ற இதழில் அதற்காக ஒரு விண்ணப்பமே எழுதினார். சனிக்கிழமை இரவு கொண்டாடிவிட்டு நேரம்சென்று படுத்தவனை ஞாயிறு காலை எழுப்பிக் கனத்த சாப்பாட்டின் முன் இருத்துவது பாவம். இரண்டு நேரத்துச் சாப்பாட்டையும் ஒன்றாக்கிப் பிந்தி வைத்தால் மனிதன் முகம் தெளிந்து வாய் திறந்து பேசுவான் என்பது அவர் கட்சி. பேச்சு வரும் என்று கண்டதில் பெரிஞ்சர் சரி. அது எதனால் வருகிறது என்பதில்தான் அவர் பிழைவிட்டார். அதை எட்டாம் பகுதியில் காண்க.

யாழ்ப்பாணத்தில் பிரஞ்சுக்கு வேறொரு தடை உண்டு. காலைக்கும் மத்தியானத்துக்கும் இடைப்பட்ட அந்த நேரம் ஏற்கெனவே உறுதி எழுதப்பட்ட காணி. அதன் உரிமையாளர் 'பத்து மணித் தேத்தண்ணி'. ஒரு பேணி வெறுந்தேத்தண்ணி, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி. கடி ஒன்று, மிடறு ஒன்று. இந்தக் குடியிருப்பாளரைச் சண்டையில்லாமல் எழுப்பிவிட்டு அந்த இடத்தில் குந்திக்கொள்ள வல்ல சாப்பாடு குடாநாட்டில் ஒன்றே ஒன்றுதான். கூழ் வைக்கிற வீட்டில் பத்து மணிக்கு யாரும் தேத்தண்ணி கேட்பதில்லை. கேட்டால், "வயித்தை நிரப்பாதை, கூழ் கிடக்கு" என்று பதில் வரும்.

கூழுக்கு, பெரிஞ்சருக்கும் முந்திய சான்று சங்க இலக்கியத்தில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். துழாவிய களி, அகன்ற பிழா, ஆறும்வரை காத்திருக்கும் மனிதர்கள்: கூழ்க் கூட்டத்தின் உறுப்புகள் அனைத்தும் அங்கே ஆஜர். அந்தக் களி பின்னர் புளித்து என்னவாகிறது என்பதை, இக்கட்டுரையைச் சிறுவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால், விரிக்கவில்லை.

பிற்காலத்தவரில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) தலையானவர். 'தங்கத் தாத்தா' என்று பிள்ளைகள் கொண்டாடும் அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டைத் தெரியாமல் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் கடந்தவர் அரிது. ஆனால் அவர் பாடிய கூழ் வேறு, நாம் ஆயும் கூழ் வேறு. ஆடிக்கூழ் அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்ந்த இனிப்புக் கட்சி. ஒடியற்கூழ் மீன், நண்டு, செத்தல் மிளகாய், பழப்புளி சேர்ந்த உறைப்புக் கட்சி. இனிப்புக் கூழுக்குப் புலவர் வாய்த்தார். உறைப்புக் கூழுக்கு வாய்த்தது மூக்கிலிருந்து வழியும் நீர் மட்டுமே. இந்த அநீதியை ஓரளவேனும் சரிசெய்வதும் எமது நோக்கம்.

3. பிளாவும் பிலாவும்: ஒரு சொல்லாராய்ச்சி

கூழ் குடிக்கும் பாத்திரம் 'பிளா'வா, 'பிலா'வா என்ற வழக்கு குடாநாட்டில் ஒவ்வொரு கூழுக்கும் ஒருமுறை எழுந்து, கூழ் வந்ததும் ஒத்திவைக்கப்படுகிறது. தீர்ப்பு இதுவரை வரவில்லை. இங்கே தருகிறோம்.

இரண்டும் சரி, இரண்டும் வேறு. பிளா என்பது பச்சைப் பனை ஓலையில் கோலுவது. சங்கப் பிழாவின் பேரப்பிள்ளை அது. ழகரத்தை ளகரமாகச் சொல்லிப் பழகிய எங்கள் நாக்கில் பிழா பிளாவானதற்குத் தனிச் சான்று வேண்டியதில்லை. 'மழை பெய்யுது' என்று எங்களில் யாரையாவது சொல்லவிட்டுக் கேட்டால் போதும். பிலா என்பது பலா. கீழே விழுந்த பிலாவிலையைக் கூம்பாக மடித்து, ஈர்க்கால் குத்தினால் வருவது கரண்டி. பிளா கொள்கலம், பிலா கோருகலம். ளகரம் ஏந்தும், லகரம் அள்ளும். இலக்கண நூலார் இந்தச் சூத்திரத்தை விட்டுவிட்டது வியப்பு.

ஆனாலும் வாய்வைத்து உறிஞ்சுவதே மூல முறை, இலைக்கரண்டி பிந்தி வந்தது என்பது எமது துணிபு. இதற்குப் பழமொழிச் சான்று உண்டு: 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.' கரண்டியால் குடிக்கிற சமூகத்தில் இந்தத் தருமசங்கடம் தோன்றவே வழியில்லை. ஆகவே இப்பழமொழி தோன்றிய காலத்தில் தமிழர் கூழை விளிம்பில் வாய்வைத்தே குடித்தனர் என்பதும், மீசை வைத்திருந்தனர் என்பதும் பெறப்படும்.

4. ஒரு மரத்து விருந்து

மச்சாளின் பட்டியலில் கைவேலைப் பொருட்களுக்கு மூன்று கடையும், சாப்பாட்டுக்கு இரண்டு கடையும் இருந்தன. கூழுக்குக் கடல் ஒன்று, மரம் ஒன்று. கடலைப் பாசையூர்ச் சந்தையில் வாங்கலாம். மரம் வளவில் நிற்கிறது.

பனம்பழம் ஆடி, ஆவணியில் விழும். சதையைத் தின்று விதையைப் பாத்தியில் புதைத்தால் மாரி மழைக்கு முளை கீழே இறங்கும். தை, மாசியில் கிண்டினால் கிழங்கு. கிழங்கை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். அவிக்காமல் கிழித்து வெயிலில் போட்டால் ஒடியல். ஒடியலை இடித்து அரித்தால் ஒடியல் மா. கிழங்கை ஒடித்தெடுத்தபின் எஞ்சும் கொட்டை ஊமல். அது நல்லாய் எரியும். ஆக, கூழின் மா கிழங்கிலிருந்தும், கூழைக் கொதிக்கவைக்கும் நெருப்பு அதே விதையின் ஓட்டிலிருந்தும் வருகின்றன. அடுப்புக்குப் பக்கத்துணை காய்ந்த பனம்மட்டை. குந்தியிருக்கும் பாய் ஓலை. மீன் வந்த கடகம் ஓலை. அரிசி புடைத்த சுளகு ஓலை. குடிக்கும் பிளா ஓலை. குடித்து முடித்து வாய் உறைப்பெடுத்து 'ஸ்ஸ்' என்னும்போது நீட்டப்படும் பனங்கட்டி அதே மரத்தின் பதநீர். அது அடைந்து வருகிற குட்டானும் ஓலை.

பனைக்கு 801 பயன் உண்டென்று 'தாலவிலாசம்' என்ற பழைய நூல் சொல்வதாக எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதன் ஆசிரியர் அறியாத ஒரு பயனும் பின்னர் சேர்ந்தது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் பனங்குற்றிகளை அடுக்கினோம். தோப்புத் தோப்பாகப் பனை போனது அப்படித்தான். இருந்த மரம் எங்களைக் காத்தது. போன மரம் திரும்ப நிமிர ஒரு தலைமுறை வேண்டும். எண்ணிக்கையைத் திருத்த விரும்புவோர் 802 என்று எழுதிக்கொள்ளலாம்.

பனைக்கென்று 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இயங்குகிறது. கைதடியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. இந்த ஆய்வுக்கு அங்கே நிதி கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

5. கூழுக்குரிய நாள் காணல்

மீன் போட்ட கூழுக்கு நாள் பார்ப்பது கலியாணத்துக்கு நாள் பார்ப்பதிலும் சிரமம். வெள்ளிக்கிழமை சைவம். செவ்வாயும் பல வீடுகளில் சைவம். புரட்டாதிச் சனியில் ஒருவர் விரதம், கந்தசட்டி ஆறு நாளும் இன்னொருவர் விரதம், கௌரிகாப்புக்கு மூன்றாமவர். வெளிநாட்டு உறவினர் வந்திறங்குவது ஆடி, ஆவணி விடுமுறையில். சரியாக அந்தக் காலத்தில்தான் நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறும். 25 நாள் திருவிழா முடியும்வரை சட்டி பானை கழுவிக் கவிழ்த்து, மீன் வாடையை வீட்டுக்கு வெளியே நிறுத்திவைக்கிற வீடுகள் ஏராளம்.

ஆக, ரொறன்ரோ விமானம் இறங்கும் நாளுக்கும் நல்லூர்க் கொடியேறும் நாளுக்கும் இடையில் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளே மீன் கூழுக்கு உரியவை. சில வருடம் அது இரண்டு. சில வருடம் ஒன்று. ஒன்றும் அகப்படாத வருடத்தில் தீர்வுகள் இரண்டு: மரக்கறிக் கூழ் வைத்துவிட்டு, குடிக்கும் ஒவ்வொருவரும் "நண்டு இருந்திருந்தால்..." என்று பெருமூச்சு விடுவது, அல்லது குருநகரிலோ பாசையூரிலோ உள்ள வேதக்காரச் சிநேகிதர் வீட்டுக் கூழுக்கு அழைப்பு வரும்படி ஒழுகுவது. சமய நல்லிணக்கத்துக்குக் கூழ் ஆற்றிய தொண்டு தனி ஆய்வுக்குரியது.

எங்களுக்கு மச்சாள் குறித்த அந்த ஞாயிறே வாய்த்தது; பிரஞ்ச் கூழாயிற்று. கொடியேற இன்னும் ஒரு கிழமைக்கு மேல் இருந்தது.

6. சட்டிப் படலம்

ஞாயிறு காலை ஏழு மணிக்கே மாமி ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டார். மா அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை இறுத்து ஊற்றினார்; மறுபடி தண்ணீர், மறுபடி இறுத்தல். கசப்பு அந்தத் தண்ணீரோடு போகும். மூன்றாம் முறை விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரி, ஆனால் முழுக்கப் போகக்கூடாது. முழுக்கப் போனால் அது கஞ்சி" என்றார். எவ்வளவு கசப்பு எஞ்சவேண்டும் என்பதற்கு அளவுகோல் உண்டா என்று கேட்டேன். நாக்கை நீட்டிக் காட்டினார்.

கோடிப்பக்கத்தில் மூன்று கல்லு வைத்துப் பெரிய சட்டி ஏறியது. கொதித்த தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக் கிழங்குத் துண்டுகள். அவை பாதி வெந்ததும் மீன் தலைகள், பிறகு நண்டு, இறால், கணவாய். முருங்கையிலை ஒரு கை. இதில் எது முன், எது பின் என்பதில் மாமிக்கும் சின்னம்மாவுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. நண்டை முதலில் போட்டால்தான் சாறு இறங்கும் என்றார் சின்னம்மா. முதலில் போட்டால் கால் கழன்று சட்டியில் தேடவேண்டிவரும் என்றார் மாமி. இறுதியில் நண்டு இரண்டு தவணையாக இறங்கியது. தத்துவ உலகில் தீராத எத்தனையோ முரண்கள் இப்படிச் சட்டியில் தீர்ந்துவிடுகின்றன.

உச்சக்கட்டம் மா விடுகிற நேரம். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த மாவோடு சேர்ந்து கொதிக்கிற சட்டிக்குள் இறங்கும்போது, ஒருவர் விட, இன்னொருவர் இடைவிடாமல் துழாவவேண்டும். நிறுத்தினால் கட்டி. கூட விட்டால் களி. குறைய விட்டால் ரசம். மாமி துழாவிய அகப்பையைத் தூக்கினார். சிரட்டை விளிம்பிலிருந்து கூழ் சொட்டாகவும் விழாமல், கயிறாகவும் இழுபடாமல், இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் தயங்கி விழுந்தது. "பதம்" என்றார். வளவு முழுக்க வாசம் எழும்பியது. பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றுகொண்டது. அழைப்பிதழ் அச்சடிக்கத் தேவையில்லாமைக்குக் காரணம் இதுவே.

7. கோலல் படலம், அல்லது கைவேலை மேசை

சட்டி கொதித்துக்கொண்டிருக்க, மாமரத்துக்குக் கீழே சித்தப்பா வடலி ஓலைகளோடு வந்து அமர்ந்தார். வடலி ஓலை கைக்கு எட்டும். உயர்ந்த பனையில் ஏற இப்போது ஆள் பிடிப்பது கடினம்.

பனை ஓலை விசிறி போல விரிவது. அதில் நாலைந்து மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டினபடி இருக்கும் துண்டை வெட்டிக் கொடுத்தார். நடுவைப் பெருவிரலால் விரிக்கவேண்டும். முனைகளை ஒன்று சேர்த்து அதே ஓலையின் நாரால் முடியவேண்டும். தோணி மாதிரி ஒரு பாத்திரம் வரும். பிடிக்கக் கைப்பிடியும் அதுவே, குடிக்க மூக்கும் அதுவே. சித்தப்பாவுக்கு ஒன்றுக்கு அரை நிமிடம். எங்களுக்குப் பத்து நிமிடம், ஒரு கீறல், ஒரு கெட்டவார்த்தை.

முக்கியமானது விதி. பிளா கோலாதவருக்குக் கூழ் இல்லை. ஆச்சிக்கும் கைக்குழந்தைக்கும் மட்டுமே விலக்கு. கொழும்பிலிருந்து வந்த வங்கி மனேச்சர் ஆனாலும், ஸ்கைப்பில் மட்டும் தமிழ் கேட்டு வளர்ந்த பதின்மூன்று வயதுப் பெட்டை ஆனாலும் பாயில் குந்தி ஓலையை மடிக்கவே வேண்டும். விருந்தாளி என்ற இனமே அந்த மாமரத்தின் கீழ் செல்லாது. மச்சாள் மூன்று கடையில் தேடிய 'கைவேலைப் பகுதி' இதுதான் என்பதை முதலில் கண்டுகொண்டவள் மச்சாளே. பசைத் துப்பாக்கியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். ஆனால் முழுதாகத் தோற்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த மனமின்மையே எமக்குப் பரிசோதனையைத் தந்தது.

8. பரிசோதனை

பிளாவின் அடி கூர். அதைத் தரையில் வைத்தால் சரியும். இதை ஒரு வடிவமைப்புக் குறை என்று கண்ட மச்சாள் முதல்நாள் இரவே அதற்குத் தீர்வும் செய்திருந்தாள்: மட்டைக் குழாய்களை வெட்டி, நிறக் கடதாசி சுற்றி, மணி ஒட்டி, பிளாவைச் செருகி வைக்க எட்டுத் தாங்கிகள். எட்டுக்கு மேல் செய்யப் பசை போதவில்லை. கூட்டத்தில் இருந்தது பதினெட்டுப் பேர். ஆகவே, எவரும் திட்டமிடாமலே, ஆய்வுலகம் ஏங்கும் அந்த அரிய சந்தர்ப்பம் அமைந்தது: தாங்கியுடன் ஒரு குழு, தாங்கியின்றி ஒரு குழு.

விறாந்தையில் கதிரைகளில் இருந்த எட்டுப் பேரும் கூழ் வாங்கித் தாங்கியில் செருகினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வலது கை விடுபட்டது. விடுபட்ட கை கைப்பேசியை எடுத்தது. கூழ் படமெடுக்கப்பட்டது, மேலிருந்து, பக்கவாட்டில், முகத்தோடு, முகமின்றி. படம் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போனது. பதில் வந்தது. பதிலுக்குப் பதில் போனது. அதற்குள் கூழ் ஆறி, மேலே ஆடை கட்டி, உள்ளே இறுகியது. ஆறின ஒடியற்கூழைக் குடிக்க முடியாது, வெட்டலாம். அந்த விறாந்தையில் கேட்டதிலேயே நீண்ட உரையாடல், "வை-பை பாஸ்வேர்ட் என்ன?"

மாமரத்தின் கீழ்ப் பாயில் பத்துப் பேர். இரு கையிலும் பிளா. கொதிக்கிற கூழ் ஓலையில் பட்டுப் பச்சை வாசம் எழும்ப, ஊதி, உறிஞ்சி, 'ஸ்ஸ்' என்றுகொண்டு இருந்தார்கள். கை பூட்டப்பட்ட மனிதனிடம் எஞ்சுவது வாய். வாய்க்கு இரண்டே தொழில். ஆகவே உறிஞ்சாத நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். ஒரு கலியாணம் பேசி முடிந்தது. ஒரு வேலை நீக்கம் ஆறுதல் பெற்றது. பெரிஞ்சர் பிரஞ்சுக்கு ஏற்றிச் சொன்ன பேச்சு உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெளிவாகியிருக்கும். பிந்திச் சாப்பிடுவதால் அது வருவதில்லை. கை விடுபடாததால் வருகிறது.

ஆனால் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதற்குப் பின்னர்தான் நேர்ந்தது.

சித்தப்பாவும் மாமாவும் இரண்டு வருடமாகக் கதை பேச்சில்லை. காரணம் வேலி. யாழ்ப்பாணத்தில் வேறு காரணம் வேண்டியதில்லை. கதியால் போடும்போது ஒரு முழம் நகர்ந்தது என்று ஒருவர், நகரவில்லை என்று மற்றவர். இருவரும் ஒரே பாயில், ஆளுக்கொரு திசை பார்த்தபடி, பக்கத்துப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். அப்போது படலைக்கு யாரோ வந்து கூப்பிட்டார்கள். சித்தப்பா எழும்பவேண்டும். கையில் நிறைந்த பிளா. பாயில் வைத்தால் சரியும். மண்ணில் வைத்தால் கவிழும். இடப்பக்கம் ஆச்சி, ஆச்சியின் கையில் வெற்றிலை. வலப்பக்கம் ஒருவர் மட்டுமே.

சித்தப்பா ஒரு கணம் நின்றார். அகப்பை விளிம்பில் தயங்கிய கூழைப் போல.

"அத்தான், உதை ஒருக்காப் பிடியுங்கோ."

"இஞ்சை தாரும்."

மாமா இரண்டு கையிலும் இரண்டு பிளாவோடு, தன்னதையும் குடிக்க முடியாமல், சித்தப்பா படலைக்குப் போய் வரும்வரை அசையாமல் இருந்தார். திரும்பி வந்ததும் கொடுத்தார். "ஆறிப்போச்சு, மாத்தி ஊத்தும்" என்றார்.

தாங்கி இருந்திருந்தால் இந்த நாலு வசனமும் பிறந்திரா. இதிலிருந்து நாம் வகுக்கும் தேற்றம்: பிளாவைக் கீழே வைக்க முடியாது, இன்னொருவர் கையில்தான் வைக்கலாம்.

9. அகப்பை விதிகள்

கூழ் பங்கிடுவதில் சமத்துவம் நிலவுகிறதா என்ற கேள்விக்கும் பழமொழிகளே விடை. முதலாம் விதி: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இரண்டாம் விதி, அதன் திருத்தச் சட்டம்: அகப்பை பிடிக்கிறவன் நம்மவனானால் அடிப்பந்தியில் இருந்தாலென்ன, கடைப்பந்தியில் இருந்தாலென்ன.

நண்டும் மீன் தலையும் அடியில் கிடக்கும். மேலே மரவள்ளியும் பயிற்றங்காயும் மிதக்கும். அகப்பை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதே அன்பின் அளவு. மாமியின் அகப்பை மருமகனின் முறைக்கு அடிதொட்டது. எனது முறைக்கு நடுவோடு திரும்பியது. ஆய்வாளன் தன் தரவுகளில் உணர்ச்சிவசப்படலாகாது என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

10. மறுப்புகளும் சமாதானமும்

மறுப்பு: பிளா ஒழுகும். சமாதானம்: ஒழுகும் பிளாவைக் கோலியவர் கூட்டத்தில் நகைப்புக்கு இலக்காகிறார், அந்த நகைப்பு விருந்தின் ஒரு பகுதி. அன்று ஒழுகியவற்றில் இரண்டு வங்கி மனேச்சருடையவை. இரண்டாவதும் ஒழுகியபோது அவரே முதலில் சிரித்தார்.

மறுப்பு: சுகாதாரம். சமாதானம்: இதற்குமுன் எவரும் வாய்வைக்காத பாத்திரம் எந்த உணவகத்தில் கிடைக்கும்?

மறுப்பு: பாத்திரம் நிலைக்காது. சமாதானம்: உண்மை. மச்சாள் தான் கோலிய பிளாவை நினைவாகக் கொண்டுபோகப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்தாள். மறுநாள் திறந்துபார்க்க, ஓலை வாடிச் சுருங்கி, முடிச்சு நெகிழ்ந்து, வெறும் ஓலைத் துண்டாகக் கிடந்தது. பிளாவின் ஆயுள் அரை நாள். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கவும் முடியாது, கப்பலில் ஏற்றவும் முடியாது. பாதுகாக்கக்கூடியது அதைக் கோலும் விரல் மட்டுமே. அன்று கோலியவர்களில் யார் உதவியுமின்றிக் கோலத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அவருக்கு வயது எழுபத்து மூன்று.

கழிவு முகாமை பற்றி ஒரு வரி. குடித்து முடித்த ஓலைகளை மாடு தின்றது. பிலாவிலைக் கரண்டிகளை ஈர்க்கு உருவிவிட்டு ஆட்டுக்குப் போட்டோம். கழுவவேண்டியிருந்தது ஒரு சட்டி, ஒரு அகப்பை. எஞ்சியவை எட்டுத் தாங்கிகள். அவற்றை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போனது.

11. முடிவுரை

ஆச்சியின் கூற்று நிறுவப்பட்டது. பெரிஞ்சரின் கூற்று திருத்தப்பட்டது. வேலி நகர்ந்த இடத்திலேயே இன்னும் நிற்கிறது. ஆனால் அதன் இரு பக்கத்தாரும் இப்போது அதைப்பற்றி ஒருவரோடொருவர் நேரிலேயே சண்டை பிடிக்கிறார்கள். இரண்டு வருட மௌனத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம் என்றே கொள்ளவேண்டும்.

மேலாய்வு தேவைப்படுகிறது. திருவிழா முடிந்து, தீர்த்தமும் கழிந்து வரும் முதல் ஞாயிறு, பதினொரு மணிக்கு, அதே மாமரத்தின் கீழ். கூழுக்கு வாங்கோ. கோப்பையும் கரண்டியும் கொண்டுவர வேண்டாம். வரும்போது ஓலை வெட்டத் தெரிந்த ஒருவரையும், கோலப் பழகவேண்டிய ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால் போதும்.